டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

சென்னை மாநகரப் பேருந்தில் கண்டக்டர் பெரும்பாலும் தன் இருக்கையை விட்டு எழுந்து வருவதில்லை. பீக் அவர் கூட்டத்தில் எழுந்தாலும் நகர முடியாது. காசுதான் அவரைத் தேடிப் போகும். "ஒரு சைதாப்பேட்டை, பாஸ் பண்ணுங்க" என்று நீட்டினால், முகம் தெரியாத நாலைந்து கைகள் மாறி நோட்டு போய்ச் சேரும். டிக்கெட்டும் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். வெளியூர்க்காரர்கள் இதை வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். அப்படி வந்த டிக்கெட்டை நாம் வாட்ச் பட்டையில் செருகுவோம், சுருட்டிக் காது குடைவோம், இறங்கியதும் வீசிவிடுவோம்.

பஸ்ஸில் நமக்கு ஏதாவது கெடுதல் நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது அந்தச் சீட்டுதான். நீங்கள் அந்த பஸ்ஸில் இருந்தீர்கள் என்பதற்குக் கையிலிருக்கும் முதல் ஆதாரம் அது. மெஷின் டிக்கெட்டின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தால் 500 ரூபாய் வரை அபராதம் என்பது எல்லோருக்கும் தெரியும், பஸ்ஸிலேயே எழுதியிருக்கிறது. எழுதாத பாதி ஒன்று உண்டு. அபராதம் சொல்லும் அதே மோட்டார் வாகனச் சட்டம் 178-வது பிரிவு, காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் தராத, அல்லது குறைந்த மதிப்புக்கு டிக்கெட் கிழிக்கும் கண்டக்டருக்கும் 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. காசு பாஸ் ஆகிப் போய் டிக்கெட் திரும்பி வராமல் போனால், கூச்சப்படாமல் குரல் கொடுங்கள். செக்கிங் ஏறிய பிறகு "கொடுத்தேன் சார், வரல" என்பது எடுபடாது. மீதிச் சில்லறையை டிக்கெட்டின் பின்னால் எழுதித் தருவார்கள் அல்லவா, அதுவும் ஒரு கடன் பத்திரம்தான். இறங்கும்முன் கேட்டு வாங்குவது உங்கள் பாடு.

பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்தில் இந்த அலட்சியம் இன்னும் அதிகம். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் காசில்லாமல் போகிறார்கள். பிறகு திருநங்கையரும், மாற்றுத்திறனாளிகளும், அவர்களுக்குத் துணையாக வருபவரும் சேர்க்கப்பட்டார்கள். 'இலவசம்தானே, சீட்டு எதற்கு' என்று பலர் கேட்டு வாங்குவதில்லை. சில கண்டக்டர்களும் கொடுக்கும்போது முகத்தைச் சுளிப்பார்கள். யாரும் யாருக்கும் தானம் செய்யவில்லை. அந்தப் பயணங்களுக்கு அரசு, போக்குவரத்துக் கழகத்துக்கு மானியம் தருகிறது. விபத்தானால், காசு கொடுத்தவருக்கு உள்ள அதே உரிமை கட்டணமில்லாச் சீட்டு வைத்திருப்பவருக்கும் உண்டு. சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் போவது நம் ஊரின் நித்தியக் குறை. புகார் செய்பவர்கள் "29சி நிக்கல" என்பார்கள். பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஒரு நாளைக்கு எத்தனையோ 29சி ஓடுகிறது, எதை என்று பிடிப்பது? தடம் எண்ணோடு டிஎன் 01 என்று தொடங்கும் பதிவு எண், நிறுத்தத்தின் பெயர், நேரம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் பணிமனையில் அன்று அந்த வண்டியை எடுத்த டிரைவரையும் கண்டக்டரையும் அழைத்து விசாரிப்பார்கள். மாநகர் போக்குவரத்துக் கழக உதவி எண் 149. மாநிலம் முழுவதற்குமான போக்குவரத்துக் குறைதீர் எண் 1800 599 1500. இரண்டிலும் பலனில்லை என்றால் முதல்வரின் உதவி மையம் 1100. புகாருக்குத் தரும் எண்ணைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பேட்டைக்கு வரும் பஸ் அட்டவணையில் இருந்தும் ஓடவில்லை என்று சந்தேகமா? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, இன்ன மாதம் இன்ன தடத்தில் எத்தனை நடை அனுமதி, எத்தனை நடை இயக்கம் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். குடியிருப்போர் சங்கங்கள் செய்ய வேண்டிய வேலை இது. பொங்கல் விழா நடத்தும் சுறுசுறுப்பில் கால்வாசி போதும்.

இனி, பஸ்ஸில் பெண்கள் படும் சீண்டலுக்கு வருவோம். 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி கேலிக்கு ஆளாகி உயிரிழந்த பிறகு வந்ததுதான் பெண்கள் மீதான கொடுமைத் தடைச் சட்டம். பஸ்ஸுக்குள் நடந்தால், பாதிக்கப்பட்ட பெண் சொன்னதும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிச் செல்வது டிரைவர், கண்டக்டரின் கடமை என்கிறது அது. 2022-ல் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளும் திருத்தப்பட்டன. முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது எல்லாம் அதில் வருகின்றன. அப்படி நடப்பவரை இறக்கிவிடவோ, போலீஸில் ஒப்படைக்கவோ கண்டக்டருக்கு அதிகாரம் உண்டு. தொந்தரவு கண்டக்டராலேயே என்றால் அவருக்கும் விதி பொருந்தும். "ஏம்மா, தள்ளி நின்னுக்கோயேன்" என்று பெண்ணையே நகரச் சொல்லும் கண்டக்டர் தன் கடமையைத் தட்டிக்கழிக்கிறார். நிர்பயா நிதியில் பல பேருந்துகளில் கேமராவும் அவசரப் பொத்தானும் வைத்திருக்கிறார்கள். கேமராப் பதிவு காலத்துக்கும் இருக்காது. எனவே அன்றே 112-லோ 181-லோ சொல்லிவிட்டு, பதிவைப் பாதுகாக்கும்படி எழுத்தில் கேட்க வேண்டும்.

விபத்து என்றதும் பஸ் எதிலோ மோதியதாகத்தான் நினைக்கிறோம். டிரைவர் திடீரென பிரேக் அடித்ததில் பயணி உள்ளேயே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தாலும் அது மோட்டார் வாகன விபத்துதான். ஏறி முடிப்பதற்குள் வண்டியை எடுத்ததால் விழுந்தாலும் அப்படியே. 2024 பிப்ரவரியில் அமைந்தகரை அருகே ஓடும் மாநகரப் பேருந்தின் தரைப்பலகை உடைந்து ஒரு பெண் ஓட்டைக்குள் விழுந்தார். உடன் வந்தவர்கள் கூச்சல் போட்டு வண்டியை நிறுத்திக் காப்பாற்றினார்கள். இவற்றுக்கெல்லாம் இழப்பீடு கேட்க வழி இருக்கிறது.

ஆனால் விபத்து நடந்த இடத்தில் நடப்பது வேறு. "ஆஸ்பத்திரி செலவைப் பாத்துக்கறோம், கேஸ் வேணாம்மா, குழந்தை குட்டிக்காரன்" என்று டிரைவரும் கண்டக்டரும் கெஞ்சுவார்கள். மனசு இளகி வீட்டுக்கு வந்துவிட்டால், பத்து நாள் கழித்து ஸ்கேனில் முறிவு தெரியும்போது கையில் ஒரு காகிதமும் இருக்காது. அரசு மருத்துவமனைக்குப் போய், எந்த பஸ், எங்கே, எப்படி என்று சொல்லி ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டில்) பதிய வையுங்கள். "கீழே விழுந்துட்டேன்" என்று மட்டும் சொன்னால் அதுதான் பதிவாகும், பிறகு அதைத் திருத்த முடியாமல் வழக்கு தள்ளாடும். அடுத்து, போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவில் எஃப்.ஐ.ஆர்.

சிகிச்சைப் பணத்தை நினைத்து அஞ்ச வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். காயம்பட்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறவரைச் சாட்சியாக இழுக்கக் கூடாது, விருப்பமில்லாவிட்டால் பெயர் சொல்லக்கூட வற்புறுத்தக் கூடாது என்று சட்டமே பாதுகாக்கிறது.

இழப்பீட்டு வழக்கைச் சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் போடலாம். விபத்து நடந்தது இங்கே, நீங்கள் குடியிருப்பது திருவண்ணாமலையில் என்றால் அங்கேயும் போடலாம். 2022 ஏப்ரல் முதல் இதற்கு ஆறு மாதக் கெடு வந்திருக்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது என்றாலும், அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், உயிரிழப்புக்கு ஐந்து லட்சம் பெற மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவு வழி செய்கிறது. அதை ஏற்றுக்கொண்டால் கூடுதலாகக் கேட்கும் வழக்கு அத்தோடு முடிந்துபோகும். சம்பாதிக்கும் வயதில் இருப்பவர்கள் வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

வக்கீல் என்றதும், வார்டிலேயே வக்காலத்தை நீட்டும் புரோக்கர்கள் நினைவுக்கு வருவார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குகிறவரிடம் ஒட்டவே கூடாது. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீலைத் தருகிறது. எண் 15100.

தீர்ப்பு வந்தாலும் பணம் வருமா? தனியார் வாகனம் என்றால் காப்பீட்டு நிறுவனம் கட்டும். அரசுப் போக்குவரத்துக் கழகம் தனி நிதி வைத்துக்கொண்டு காப்பீட்டிலிருந்து விலக்கு பெறச் சட்டம் இடம் தருகிறது. அதனால்தான் 'நஷ்ட ஈடு தராத அரசு பஸ் ஜப்தி' என்ற செய்தியை ஆண்டாண்டாகப் படிக்கிறோம். தீர்ப்பை வைத்துக்கொண்டு நிறைவேற்று மனு போட்டால், அமீனா பேருந்து நிலையத்துக்கே போய் வண்டியைப் பிடித்து நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்துவார். சிரிப்பாக இருக்கும், ஆனால் பல குடும்பங்களுக்குப் பணம் அப்படித்தான் வந்திருக்கிறது. 2025-ல் வியாசர்பாடியிலிருந்து ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்துகளில் கணக்கு வேறு. கண்டக்டர் கழகத்தவர், டிரைவர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறது, காப்பீடு யாரிடம் என்று பார்த்து, எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

படியில் தொங்குகிறவர்களுக்கு இதிலெல்லாம் பாதிதான் கிடைக்கலாம். படிக்கட்டுப் பயணமே சட்டப்படி குற்றம் என்பதால், தீர்ப்பாயம் இழப்பீட்டில் ஒரு பங்கைக் கழித்துவிடுவது வழக்கம். 2012 டிசம்பரில் பெருங்குடியில் படியில் நின்று போன நான்கு மாணவர்கள் லாரி உரசி இறந்தார்கள். ஆனால் பிள்ளைகளை மட்டும் திட்டிப் பயனில்லை. பள்ளி விடும் நேரத்துக்குப் போதுமான நடை இல்லாத தடத்தில் படிதான் மிஞ்சுகிறது. பெற்றோர் ஆசிரியர் கழகம் நேரத்தையும் தடத்தையும் குறிப்பிட்டுக் கிளை மேலாளருக்கு எழுதிக் கூடுதல் நடை கேட்கலாம்.

மின்சார ரயில் என்றால் சட்டமும் மன்றமும் மாறிவிடும். ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தால் ரயில்வே உரிமைத் தீர்ப்பாயத்தில் 8 லட்சம் கோரலாம். அங்கே கேள்வி, அவர் முறையான பயணியா என்பதுதான். உடலில் டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் மறுக்க முடியாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்போதும் டிக்கெட் எடுத்தார் என்று குடும்பம் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். சீசன் டிக்கெட்காரர்கள் அதன் நகலை வீட்டில் ஒன்று வைத்திருக்கட்டும்.