அடங்கல் நோட்டும் பாஸ்வேர்டும்

கடலூரைத் தலைநகராகக் கொண்டு தென்னாற்காடு மாவட்டம் இருந்த நாட்களில், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயிக்கு அரசாங்கம் என்றால் கணக்குப்பிள்ளைதான். யாருக்கு எவ்வளவு நிலம், என்ன பயிர் என்பதெல்லாம் அவர் எழுதும் அடங்கலில் இருந்தது. எழுதவும் காசு கேட்டவர்கள் உண்டு, எழுதாமல் விடவும் காசு வாங்கியவர்கள் உண்டு. பரம்பரையாக வந்த அந்தப் பதவியை எம்.ஜி.ஆர். அரசு 1980-இல் ஒழித்தது. பிறகு கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) வந்தார். ஆனாலும் உதவித்தொகை ஊர் வந்து சேர்வதற்குள் பல கை மாறியது. அரசு செலவிடும் ஒரு ரூபாயில் 15 பைசாதான் மக்களைச் சேர்கிறது என்று பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியே 1985-இல் சொன்னார்.

அந்தக் கைகளை விலக்கத்தான் வங்கிக் கணக்கில் நேராகப் பணம் போடும் முறை வந்தது. 2019 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் கிசான் திட்டத்தில் விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளில். பணம் வரும் வழியில் இப்போது யாரும் கை வைக்க முடியாது. அதனால் திருட்டு, பயனாளிகள் பட்டியலுக்குள் புகுந்தது.

2020-இல் கொரோனா ஊரடங்கை ஒட்டிப் பதிவு முறை தளர்த்தப்பட்டது. பயனாளிகளைப் பதியும் இணையதளத்துக்கான வேளாண் அலுவலகங்களின் பாஸ்வேர்டு, ஒப்பந்தப் பணியாளர்கள், தரகர்கள் வழியாகக் கம்ப்யூட்டர் சென்டர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 'கொரோனா பணம் வருது' என்று சொல்லி ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கி, சென்ட் நிலம்கூட இல்லாதவர்களை விவசாயிகளாகப் பதிந்தார்கள். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் அந்த ஆகஸ்டில் இது வெடித்தது. சிபிசிஐடி விசாரணைக்கு வந்தது. தமிழகம் முழுக்கத் தகுதியில்லாதவர்கள் 5 லட்சத்துக்கும் மேல், போன பணம் சுமார் 110 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தது.

கணக்குப் போட்டால் தலைக்கு ஏறக்குறைய ஒரு தவணை, 2,000 ரூபாய். கணக்குப்பிள்ளை எவ்வளவு சுருட்டினாலும் அது அவர் கிராமத்தோடு நின்றது. இங்கே சில மாதங்களில் பல மாவட்டங்கள். கஜானாவுக்கு நட்டம் அந்த 110 கோடியோடு முடியவும் இல்லை. வேளாண்மை, வருவாய்த் துறை ஆட்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு, 2,000, 4,000 என்று வீடு வீடாகத் திரும்ப வசூலித்தார்கள். அவர்கள் சம்பளமும் மக்கள் வரிப்பணம்தான். இந்தச் செலவை எந்தத் தணிக்கைப் பட்டியலிலும் 'ஊழல்' என்ற தலைப்பில் பார்க்க முடியாது. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

மிச்சச் சுமை நேர்மையான விவசாயி தலையில் விழுந்தது. சரிபார்ப்புக்கு மேல் சரிபார்ப்பு. 2022-இல் ஆதார் வழியே அடையாளத்தை உறுதிசெய்யும் இ-கேஒய்சி கட்டாயமானது. சேற்றில் நாற்று நட்டுத் தேய்ந்த விரலின் ரேகை கருவியில் பதியாமல், தங்கள் சொந்த 2,000 ரூபாய்க்காக இ-சேவை மையத்துக்குத் திரும்பத் திரும்ப நடக்கும் முதியவர்கள் டெல்டாவில் இருக்கிறார்கள்.

பயனாளிகள் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும் என்று திட்ட விதியே சொல்கிறது. அதைக் கிராம சபையில் பெயர் பெயராக வாசித்தால் போதும்: யாருக்கு வயல் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது ஊருக்குத் தெரியும். அதற்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், புதிய செயலியும் வேண்டாம்.