முதல் மூச்சுக்குத் துணை

கர்ப்பவாசம் முழுவதும் தாயின் இரத்தத்திலிருந்தே பிராணவாயுவைப் பெற்றுவந்த சிசு, பிறந்த சில கணங்களுக்குள், அதுவரை திரவம் நிறைந்திருந்த தன் நுரையீரலைக் காற்றால் விரித்துத் தானே சுவாசிக்க வேண்டியிருக்கிறது. அந்த மகத்தான பிரயத்தனத்தில் அதற்குத் துணைநிற்பது, காற்றறைகளின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் 'சர்ஃபாக்டன்ட்' என்னும் கொழுப்பும் புரதமும் கலந்த மெல்லிய படலமாகும்.

நனைந்த துணியின் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுபோல, ஈரம் படிந்த காற்றறைகளும் மூச்சு வெளியேறுந்தோறும் சுருங்கி ஒட்டிவிடாதபடி, நீரின் பரப்பு இழுவிசையைத் தணித்துவைப்பது இப்படலமே. கருவுற்ற 24ஆவது வாரமளவில் சுரக்கத் தொடங்கும் இது, 35ஆவது வாரத்தை ஒட்டியே போதிய அளவை எய்துகிறது. ஆதலால் அதற்கு முன்னரே பிறந்துவிடும் குழந்தைகளிற் பல, ஒவ்வொரு மூச்சையும் முதல் மூச்சுக்குரிய சிரமத்தோடே இழுக்க நேர்ந்து, விலா உள்வாங்க, நாசி விடைக்க, முனகி முனகிக் களைத்து, உடல் நீலம்பாரித்துப் போகின்றன.

நுரையீரலைக் காற்றால் விரிப்பதைவிடத் திரவத்தால் விரிப்பது எளிது என்பதைக் கண்டு, பரப்பு இழுவிசையின் வலிமையைக் கர்ட் வான் நீர்கார்ட் 1929இலேயே எடுத்துரைத்தும், வைத்திய உலகம் நெடுங்காலம் அதைக் கவனியாதிருந்தது. பாஸ்டனில் மேரி எலன் ஏவரி என்ற பெண் மருத்துவர், இந்த மூச்சுத்திணறல் நோயால் மாண்ட சிசுக்களின் நுரையீரலில் வழக்கமான நுரை இல்லாததைக் கவனித்து, ஜெரி மீட் என்பவருடன் சேர்ந்து, சர்ஃபாக்டன்ட் குறைவே இதன் மூலகாரணம் என்று 1959இல் நிரூபித்தார். காரணம் தெரிந்தும் பரிகாரம் கைவராத காலமாகையால், 1963 ஆகஸ்டில் ஐந்து வாரங்களுக்கு மேல் முந்திப் பிறந்த அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பாட்ரிக், சகல வசதிகளும் இருந்தும் இரண்டே நாளில் இந்நோய்க்கு இரையானான்.

பரிகாரம் பின்னர் இரு திசைகளிலிருந்து வந்தது. பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சிசுவின் நுரையீரல் விரைந்து பக்குவமடையும் என்று நியூஸிலாந்தின் லிக்கின்ஸும் ஹவியும் 1972இல் காட்டினர். மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட்டைக் குழந்தையின் மூச்சுக்குழாயிலேயே செலுத்திக் காப்பாற்றலாம் என்று ஜப்பானின் ஃபுஜிவாரா 1980இல் காட்டினார்.

இவற்றுள் தாய்க்குப் போடும் ஊசி விலை மலிவானது. ஆனால் அது முழுப் பலன் தர ஏறக்குறைய ஒரு நாள் அவகாசம் வேண்டும். ஆகையால் மாதம் நிறையாத கர்ப்பிணிக்கு இடுப்புவலி கண்டாலோ பனிக்குடம் உடைந்தாலோ, சூட்டுவலி என்று எண்ணிக் கஷாயம் கொடுத்துக் காத்திராமல், பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே அழைத்துச் செல்வது குடும்பத்தாரின் கடமை. விஞ்ஞானிகள் அரைநூற்றாண்டு உழைத்துத் தேடித்தந்த பலன் குழந்தைக்குக் கிட்டுவதும் கிட்டாமற்போவதும் பெரும்பாலும் அந்தச் சில மணி நேரத்தையே பொறுத்திருக்கிறது.