மெலிந்த குதிரையும் அளவறிந்த அன்பும்

வாயில்லாச் சீவன்களிடத்து அன்பு காட்டுதல் வேண்டும் என்பதை நம் மாணவச் செல்வங்கள் முதலாம் ஆண்டிலேயே கற்றுவிடுகின்றனர். ஆயின், அன்பு ஒன்று மட்டும் போதுமா? அறிவும் அதனோடு சேர வேண்டுமா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கெலாங் பாத்தாவிலிருந்து நீரிணையைக் கடந்தால் சிங்கப்பூர். அங்கே 1842ஆம் ஆண்டு தொடங்கிய குதிரைப் பந்தயக் கழகத்தின் இறுதிப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் நாள் கிராஞ்சியில் நடந்தேறியது. இச்செய்தியை வகுப்பில் கூறியபோது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, “இனி அந்தக் குதிரைகள் எங்கே போகும், ஐயா?” என்று வினவினாள். பல குதிரைகள் பிற நாடுகளுக்கும் புதிய உரிமையாளரிடத்தும் சென்றன என விடையளித்தோம். எனினும் அவ்வினா நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. குதிரை இருபத்தைந்து முதல் முப்பது ஆண்டுகள் வரை வாழக்கூடியது. அது ஓடி உழைக்கும் காலமோ அதில் ஒரு பகுதியே. எஞ்சிய காலத்தில் அதற்குத் தீனியிடுவார் யார்?

தமிழ்நாட்டின் உதகமண்டலத்தில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து பிழைப்பளித்த குதிரைகள் பல, முதுமையுற்றதும் சாலையில் அலைந்து குப்பையில் இரை தேடுவதுண்டு. அத்தகைய விலங்குகளை ஏற்றுப் பேணும் புகலிடம் ஒன்றை நீலகிரியின் மசினகுடிப் பகுதியில் ஐபான் என்னும் தொண்டு நிறுவனம் நடத்துகின்றது. எலும்பும் தோலுமாய் வரும் கிழக்குதிரையை எவ்வாறு தேற்றுவது? “வயிறாரத் தீனி போட்டால் தேறிவிடும்” என்றே எவரும் எண்ணுவர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினோம்.

நாம் செய்த பிழை

நாம் சிறுவராய்த் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த நாளில் அண்டை வீட்டுப் பாட்டி ஒருவர் ஒரு பசு வளர்த்து வந்தார். அவர் நோயுற்று மருத்துவமனையில் கிடந்த வாரங்களில் பசுவைக் கவனிப்பார் இல்லை. விலா எலும்பை எண்ணிவிடலாம், அவ்வளவு மெலிந்துவிட்டது. அவ்வேளை தோட்டத்தில் ஒரு திருமணம். விருந்தில் மிஞ்சிய சோற்றை நாமும் நம் தோழரும் ஒரு பெரிய குண்டானில் சுமந்து சென்று பசுவின் முன் கொட்டினோம். அது மூச்சுவிடாமல் தின்றதைக் கண்டு மகிழ்ந்தோம். மறுநாள் மாலை அதன் வயிறு உப்பியது; படுத்தது; அதற்கடுத்த நாள் இறந்தது.

பாட்டி திரும்பி வந்து வெறுங்கயிற்றைக் கண்டார். எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “பசிக்குதுன்னுதானே போட்டீங்க, கண்ணுங்களா” என்றார். அச்சொல் இன்றளவும் நம்மைச் சுடுகின்றது.

காரணத்தைப் பிற்காலத்தில்தான் அறிந்தோம். பழக்கமில்லாத சோறு பெருமளவில் பசுவின் வயிற்றுட் சென்றால் விரைந்து புளித்து அமிலமாகிறது. அவ்வமிலம் குருதியிலும் கலந்து உயிரைப் போக்குகிறது.

பட்டினி உடலுள் செய்வது யாது?

குதிரைக்கும் மிகுதியான தானியம் கேடே. செரியாத மாவுப்பொருள் பெருங்குடலை அடைந்து புளிக்கும். கடும் வயிற்றுவலி உண்டாகும். குளம்பின் உட்புறம் அழன்று நடக்கவியலாது போகும். குதிரையால் வாந்தி எடுக்கவும் இயலாது. பட்டினி கிடந்த குதிரைக்கோ இவற்றினும் பெரிய இடர் ஒன்று உண்டு.

உணவு கிடைக்காதபோது உடல் தன் கொழுப்பை எரித்து உயிர் காக்கும். கொழுப்பு தீர்ந்தபின் தசையை எரிக்கும். இதயமும் ஒரு தசையே என்பதை மறத்தலாகாது. உடலிலுள்ள பாசுவரம், பொட்டாசியம், மக்னீசியம் முதலிய தாதுக்களும் குறைந்துவிடும். இந்நிலையில் தானியமோ வெல்லமோ மிகுதியாகக் கொடுத்தால் உடலில் இன்சுலின் என்னும் சுரப்புநீர் பெருகும். அது குருதியில் எஞ்சியிருந்த தாதுக்களையும் உயிரணுக்களுக்குள் இழுத்துச் சென்றுவிடும். குருதியில் அவை வற்றவே மூச்சும் இதயமும் தளரும். உணவளிக்கத் தொடங்கிய சில நாள்களிலேயே குதிரை மாண்டுபோகலாம்.

மனிதருக்கும் இஃது ஒக்கும். 1945இல் உலகப் போர் முடிந்தபோது, சிறைமுகாம்களிலிருந்து மீண்ட பட்டினியாளருள் பலர், ஆவலோடு நிறைய உண்டு உயிரிழந்தனர். சயாம் இரயில் பாதையின் துயரத்தைத் தம் முன்னோர் வாய்வழிக் கேட்டறிந்த நம் மக்களுக்குப் பட்டினியின் கொடுமையை விளக்கவும் வேண்டுமோ?

தேற்றும் முறை

அமெரிக்காவின் கலிபோர்னியப் பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தார் பட்டினி கிடந்த குதிரைகளுக்குப் பல்வகைத் தீனி அளித்து ஆராய்ந்தனர். உலர்த்திய குதிரைமசாலே சிறந்தது எனக் கண்டனர். அதில் மாவுப்பொருள் குறைவு. புரதமும் தாதுக்களும் மிகுதி. அவர்கள் வகுத்த முறை பின்வருமாறு:

முதல் மூன்று நாள், நான்கு மணிக்கு ஒரு முறை ஏறத்தாழ அரைக் கிலோ மட்டும். நள்ளிரவிலும் எழுந்து கொடுத்தல் வேண்டும். நான்காம் நாள் தொட்டு அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, வேளைகளைக் குறைத்து, ஆறாம் நாளளவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு கிலோவை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். பத்து நாள் சென்றபின் அது விரும்பும் அளவு புல் அளிக்கலாம். தானியம் கூடாது. தூய நீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும். இவை பெரிய குதிரைக்குரிய அளவுகள்; மட்டக்குதிரைக்கு இன்னும் குறைவு. இழந்த எடை மீள மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும்.

கிழக்குதிரையாயின் பல்லையும் நோக்க வேண்டும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. இங்கோ பிடித்துத்தான் பார்க்க வேண்டும்! குதிரையின் கடைவாய்ப் பற்கள் தேயத் தேய வெளிவந்துகொண்டே இருக்கும். சீராகத் தேயாவிடில் ஓரம் கூர்மையாகிக் கன்னத்தையும் நாவையும் கிழிக்கும். மென்ற புல்லைக் குதிரை உருண்டையாய்க் கீழே துப்புமாயின் அதற்குப் பல் நோவு என்று அறியலாம். மருத்துவர் அரத்தால் அக்கூர்மையை அராவிவிடுவார். பல் உதிர்ந்தவற்றுக்குத் தீவனத்தை நீரில் ஊறவைத்துக் குழைவாகக் கொடுப்பர். குடற்புழு மருந்து எப்போது கொடுப்பது என்பதையும் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். குளம்பை ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு முறை சீர்செய்தல் வேண்டும். நம் ஜோகூரின் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கக் கூரையும் உலர்ந்த தரையும் இன்றியமையாதன.

இவ்வளவு செய்தும் எல்லாக் குதிரையும் பிழைப்பதில்லை. டாரதி புரூக் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1930இல் எகிப்தின் கெய்ரோ நகருக்குச் சென்றார். முதல் உலகப் போரில் உழைத்தபின் விற்கப்பட்ட கிழக்குதிரைகள் அங்கே நலிந்து வண்டியிழுப்பதைக் கண்டு வருந்தினார். நன்கொடை திரட்டி ஏறத்தாழ 5,000 குதிரைகளை வாங்கினார். அவற்றுள் பெரும்பாலானவை தேறும் நிலையைக் கடந்திருந்தன. அவற்றுக்குச் சில நாள் உணவும் ஓய்வும் அளித்து, வலியின்றி உயிர் நீங்கச் செய்தார். 1934இல் அந்நகரிலேயே விலங்குகளுக்கு ஓர் இலவச மருத்துவமனையையும் நிறுவினார். காப்பாற்ற இயலாதபோது துன்பத்தை நீட்டாதிருப்பதும் கருணையே.

நம் கடமை

திருவள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் அளவறிந்து உண்ணுதலை வலியுறுத்துகின்றார். உண்பவர்க்கு உரிய அவ்வறிவு ஊட்டுபவர்க்கும் வேண்டும். பெற்றோரே, தோட்டத் தொழிலாளத் தோழரே! மாடோ, ஆடோ, குதிரையோ பராமரிப்பின்றி வாடக் கண்டால், தண்ணீர் வையுங்கள், நிழலில் கட்டுங்கள், சிறிது புல் மட்டும் கொடுங்கள், உடனே கால்நடை இலாகாவுக்குத் தெரிவியுங்கள். வளர்ப்பு விலங்கைப் பட்டினி போடுதல் நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி குற்றமாகும்.

குதிரைகள் எங்கே போகும் என்று கேட்ட அம்மாணவிக்கு நாம் இன்று கூறும் விடை இதுவே: அளவறிந்து ஊட்டவும், நள்ளிரவில் எழவும், மாதக்கணக்கில் பொறுக்கவும் ஆள் உள்ள இடத்திற்கு அவை போகட்டும். மெலிந்த விலங்கொன்றைக் காணும் நம் பள்ளிச் சிறுவன் ஒருவன், சோற்றுக் குண்டானைத் தூக்குமுன் ஒரு கணம் நின்று, விவரம் அறிந்தவரைக் கேட்பானாயின், இக்கட்டுரை தன் பயனை அடைந்ததாகும்.