எல்லா இடுப்பு வலிக்கும் டிஸ்க் காரணமல்ல

"வலி எங்கே?" என்று மருத்துவர் கேட்டால் பெரும்பாலோர் உள்ளங்கையால் இடுப்பு முழுவதையும் தடவிக் காட்டுவார்கள். சிலருடைய விரல் மட்டும், பின்இடுப்பில் குழி விழும் இடத்துக்குச் சற்றுக் கீழே, திரும்பத் திரும்ப ஒரே புள்ளியில் போய் நிற்கும். அப்போது சந்தேகிக்க வேண்டியது சாக்ரோஇலியாக் மூட்டை.

முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோணத் திருவெலும்பு, இருபுறமும் இடுப்பெலும்போடு சேரும் இடம் இது. மேலுடம்பின் பாரம் முழுவதும் இதன் வழியாகத்தான் கால்களுக்கு இறங்குகிறது. வலுவான நார்கள் இறுக்கிக் கட்டியிருப்பதால் இந்த மூட்டு சில டிகிரிதான் அசையும். வழுக்கி விழுந்து பிட்டத்தில் அடிபட்டாலும், கர்ப்ப காலத்தில் நார்கள் தளர்ந்தாலும் இது நோகத் தொடங்கும். படுக்கையில் புரளும்போதும், நாற்காலியை விட்டு எழும்போதும், படியேறும்போதும் 'சுரீர்' என்று இழுக்கும். தொடை வரை பரவுவதால் சயாட்டிகா எனும் நரம்பு வலி என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடுப்பு வலி என்றாலே மருத்துவர்கள் இந்த மூட்டைத்தான் நினைத்தார்கள். 1934இல் அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும், முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதை விளக்கிய பிறகு கவனமெல்லாம் அங்கே போய்விட்டது. ஆனால் நாள்பட்ட கீழ்முதுகு வலியில் சுமார் 15 முதல் 30 சதவீதம் இந்த மூட்டால் வருவதாக மதிப்பிடப்படுகிறது. வலியே இல்லாதவர்களின் எம்ஆர்ஐயிலும் டிஸ்க் பிதுக்கம் தெரிவது சகஜம். எனவே ஸ்கேனை மட்டும் நம்பி முடிவுகட்டக் கூடாது. தொட்டுப் பார்த்துச் சோதிக்க வேண்டும்.

நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்கி, தொடை எலும்பின் வழியாகக் கீழ்நோக்கி அழுத்துவது அத்தகைய ஒரு சோதனை. இப்படிப் பல சோதனைகளில் மூன்றிலாவது அவருக்குப் பழகிய அதே வலி வந்தால் சந்தேகம் வலுக்கும். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மூட்டுக்குள் மரப்பு ஊசி போட்டதும் வலி வெகுவாகக் குறைந்தால், காரணம் பெரும்பாலும் உறுதி.

சிகிச்சை எளிமையாகவே தொடங்குகிறது: சில நாள் ஓய்வு, வலி மருந்து, பிறகு வயிறு, பிட்டத் தசைகளை வலுப்படுத்தும் பிசியோதெரபி. இடுப்பு பெல்ட்டும் சிலருக்கு உதவும். இவற்றுக்கு அடங்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி, நரம்பைச் சுடும் ரேடியோ அலைச் சிகிச்சை. மூட்டை இணைக்கும் அறுவை சிகிச்சை கடைசி வழி.

இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு விறைத்திருந்து, நடமாடினால் குறைந்து, ஓய்வெடுத்தால் கூடினால், அது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற அழற்சி நோயாக இருக்கலாம். மூட்டு வாத நிபுணரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். முதுகெலும்பு இறுகுவதற்கு முன்பே தொடங்கும் சிகிச்சைக்குத்தான் பலன் அதிகம்.