மாடலுக்கு மாறலாமா?

ஏர்பஸ் ஏ380 விமானத்தில் விமானி கைப்பிடியை அசைத்தால், இறக்கையிலும் வாலிலும் உள்ள மடல்கள் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதைக் கணினிதான் கணக்கிடுகிறது. அந்தக் கணினிகளில் ஓடும் நிரலில் கணிசமான பகுதியை யாரும் வரிவரியாக எழுதவில்லை. விமானக் கட்டுப்பாடு அறிந்த பொறியாளர்கள் கட்டங்களும் கோடுகளுமாக அதை வரைந்தார்கள். ஸ்கேட் என்ற கருவி அந்த வரைபடத்திலிருந்து சி மொழி நிரலை உருவாக்கித் தந்தது.

இதற்கு மாடல் சார்ந்த பொறியியல் என்று பெயர். ஓர் அமைப்பு எப்படி இயங்க வேண்டும் என்பதை முதலில் துல்லியமான மாடலாக எழுதுகிறார்கள். அந்த மாடலையே ஓட்டிப் பார்த்துப் பிழை களைகிறார்கள். நிரலை அதிலிருந்து தானியங்கியாகப் பெறுகிறார்கள். கோவையிலும் சென்னையிலும் வாகன மென்பொருள் செய்கிறவர்கள் பலருக்கு சிமுலிங்க் என்ற வரைபடக் கருவியில் இப்படி வேலை செய்வது அன்றாட வழக்கம். அதே ஊர்களில் வங்கிக்கும் இணைய வணிகத்துக்கும் மென்பொருள் எழுதுகிற பலர் இதைத் தொட்டதே இல்லை. இரு தரப்பிலும் திறமைக்குக் குறைவில்லை. வேலையின் தன்மைதான் வேறு. நம் நிறுவனம் இதற்கு மாறலாமா என்று யோசிப்பவர்கள், கருவிகளின் விலையை விசாரிக்கும் முன் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பொறியாளர் பேசிய மொழி

ஸ்கேட்டின் வேர் பிரான்சின் கிரெனோபிள் நகரில் இருக்கிறது. 1980களில் பால் காஸ்பி, நிக்கோலா ஹால்ப்வாக்ஸ் என்ற ஆய்வாளர்கள் அங்கே லஸ்டர் என்ற மொழியை உருவாக்கினார்கள். கட்டுப்பாட்டுப் பொறியாளர்கள் ஏற்கெனவே கட்ட வரைபடங்களில்தான் சிந்தித்து வந்தார்கள்: இந்த சென்சாரின் அளவு இங்கே வரும், இவ்வளவால் பெருக்கப்படும், அடுத்த கட்டத்துக்குப் போகும். லஸ்டர் அந்தப் பழகிய வரைபடத்துக்குக் கறாரான கணிதப் பொருளைத் தந்தது. அணுமின் நிலையப் பாதுகாப்பு அமைப்புகளைச் செய்தவர்களும் விமானம் செய்தவர்களும் தங்கள் சிந்தனை முறையை மாற்றாமலேயே அதைக் கையிலெடுக்க முடிந்தது.

விமானத் துறைக்கு இன்னொரு லாபமும் இருந்தது. அங்கே மென்பொருள் டிஓ-178 என்ற கடுமையான தரநெறியைத் தாண்டியாக வேண்டும். நிரலை உருவாக்கும் கருவியே அந்த நெறிப்படி தகுதி பெற்றுவிட்டால், அது தரும் நிரலை மீண்டும் சரிபார்க்கும் வேலையில் பெரும்பகுதி குறைகிறது. 2011இல் டிஓ-178சி பதிப்பு வந்தபோது மாடல்களுக்கென்றே டிஓ-331 என்ற துணை நெறியும் கூடவே வந்தது. எழுதும் செலவைவிடச் சரிபார்க்கும் செலவு அதிகமாக உள்ள துறை என்பதால் அங்கே இந்தக் கணக்கு பலித்தது.

எல்லாருக்கும் பொதுவான மாடல்

இதே கனவு வேறிடங்களில் தடுமாறியிருக்கிறது. வரைபடம் போட்டால் நிரல் வந்துவிடும் என்று கேஸ் எனப்படும் மென்பொருள் வடிவமைப்புக் கருவிகள் நம்பிக்கை தந்த 1989இல், ஐபிஎம் ஏடி/சைக்கிள் என்ற பெருந்திட்டத்தை அறிவித்தது. சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டது. 1997இல் மென்பொருள் தரநெறிகளை வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பு யூஎம்எல்லைப் பொது வரைமொழியாக ஏற்றது. 2001இல் அதே அமைப்பு எம்டிஏ என்ற அணுகுமுறையை முன்வைத்தது: எந்தத் தளத்தையும் சாராத ஒரு மாடலை எழுதினால், அதிலிருந்து எந்தத் தளத்துக்கும் நிரல் பெறலாம் என்பது அதன் வாக்குறுதி.

ஆனால் எல்லாத் துறைக்கும் பொருந்தும் மொழியால் எந்தத் துறையையும் சுருக்கமாகச் சொல்ல முடிவதில்லை. விவரம் சேரச் சேர வரைபடம் நிரலைவிடச் சிக்கலாகிறது. கெடு நெருங்கும் நாளில் ஒருவர் உருவான நிரலிலேயே நேரடியாகக் கைவைக்கிறார். அன்றிலிருந்து மாடல் ஒன்று சொல்ல, நிரல் வேறொன்று செய்கிறது. அதன்பின் அந்த மாடல் சுவரில் மாட்டிய படத்துக்குச் சமம்.

லங்காஸ்டர் ஆய்வு

மாடல் சார்ந்த பொறியியலைக் கையாண்ட சுமார் 450 பேரிடம் கருத்துக் கேட்டும், 22 பேரை விரிவாகப் பேட்டி கண்டும், பிரிட்டனின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜான் விட்டில், ஜான் ஹட்சின்சன், மார்க் ரவுன்ஸ்ஃபீல்ட் மூவரும் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிர்வாகத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் அதன் முடிவுகளை அறிய வேண்டும்.

நிரல் தானாக வருவதால் மிச்சமாகும் நேரத்தைப் பயிற்சிக்கும் கருவிக்குமான செலவு எளிதில் விழுங்கிவிடுகிறது. உண்மையான பலன் வேறிடத்தில் கிடைக்கிறது: மாடல் எழுத வேண்டிய கட்டாயத்தால் அமைப்பின் கட்டுமானம் தெளிவாகிறது. வென்றவர்கள் பலர் எல்லாவற்றையும் மாடலாக்க முயலவில்லை. தங்கள் துறைக்கு மட்டுமான சின்ன மொழிகளை உருவாக்கிக்கொண்டார்கள். தலைமையின் ஆணையால் வந்த மாற்றங்களைவிட, வேலை செய்யும் குழுக்கள் தாமாகத் தொடங்கிய மாற்றங்களே அதிகம் நிலைத்தன. கிரெனோபிள் கதையும் இதைத்தான் சொல்கிறது. துறை அறிந்தவர்கள் தங்கள் அறிவைத் தங்கள் மொழியிலேயே எழுத முடிகிற இடத்தில் மாடல் உயிரோடு இருக்கிறது.

எப்போது மாறலாம்?

ஒரே அடித்தளத்தில் பல வகைப் பொருட்களைச் செய்யும் நிறுவனம், எஞ்சின் கட்டுப்பாடோ மருத்துவக் கருவியோ அச்சு இயந்திரமோ, தாராளமாக முயலலாம். விதிகள் நிலையானவை, பிழையின் விலை பெரிது, வல்லுநர்களிடம் ஏற்கெனவே ஒரு குறியீட்டு முறை இருக்கிறது என்றால் இன்னும் நல்லது. என்ன பொருள் விற்கப்போகிறோம் என்பதே வாராவாரம் மாறுகிற இளம் நிறுவனத்துக்கு இது வேண்டாம்.

முயல்பவர்கள் வெறும் பயிற்சி உதாரணத்தில் தொடங்கக் கூடாது. உண்மையான பொருளின் ஒரு சிறு பகுதியை, ஆர்வத்தோடு கேட்டு வாங்கும் ஒரு குழுவிடம் கொடுக்க வேண்டும். முதல் பதிப்போடு சோதனையை முடிக்கவும் கூடாது. முதல் பதிப்பு எந்த முறையிலும் அழகாகத்தான் வரும். இரண்டாம் பதிப்பில் தேவை மாறும்போது, மாடலை மட்டும் திருத்தி வேலையை முடிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இருவர் ஒரே வரைபடத்தைத் திருத்தினால் அந்தத் திருத்தங்களை இணைப்பது எப்படி என்பதையும் அப்போதே சோதிக்க வேண்டும். எழுத்து நிரலில் எளிதாக நடக்கும் இந்த இணைப்பு, வரைபடத்தில் பல குழுக்களைச் சோர்வடைய வைத்திருக்கிறது.

கருவியின் ஆயுளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்கேட்டை விற்ற எஸ்டெரல் டெக்னாலஜிஸை 2012இல் ஆன்சிஸ் வாங்கியது. ஆன்சிஸை 2025இல் சினாப்சிஸ் வாங்கியது. ஒரு விமான ரகமோ பல பத்தாண்டுகள் பறக்கிறது. டாப்கேஸ்ட் என்ற திறந்த மூலக் கருவித் திட்டத்தில் ஏர்பஸ் முன்னின்று இறங்கியதன் பின்னால், விமானத்தின் ஆயுள்வரை கருவி நீடிக்குமா என்ற கவலையும் இருந்தது.

இன்று செயற்கை நுண்ணறிவு நொடிகளில் நிரல் எழுதுகிறது. தட்டச்சு வேலையைக் குறைக்க மட்டும் மாடலைத் தேடியவர்களுக்கு இனி அந்தக் காரணம் மெலிந்துவிட்டது. ஆனால் எழுதப்பட்டது சரிதானா என்று எதை வைத்துச் சொல்வது என்ற கேள்வி முன்னைவிடக் கனக்கிறது. அதற்குப் பதில் தரும் துல்லியமான மாடலை எழுதவும், அதை மட்டுமே மூலமாக மதிக்கவும், உருவான நிரலில் யாரும் கைவைக்காமல் காக்கவும் உங்கள் பொறியாளர்கள் தயாரா? இதை அவர்களிடமே கேளுங்கள். அவர்கள் ஆம் என்றால் தயங்காமல் தொடங்குங்கள். இல்லை என்றால், எவ்வளவு விலை உயர்ந்த கருவியை வாங்கினாலும் பயனில்லை.