ஸ்பிரிட் பஞ்சும் ரத்தப் பரிசோதனையும்

ஊசி குத்துமுன் கம்பவுண்டர் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் கையைத் துடைப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காய்ச்சலுக்கு ஊசி போடும்போது இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் ரத்தத்தில் மது இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே ஊசி குத்தினால்? ஸ்பிரிட்டும் ஆல்கஹால்தானே!

சாந்த்ராகாச்சியில் இருப்பவர்களுக்கு இது எட்டாத சங்கதி அல்ல. ரயில் டிரைவர்கள் (இப்போது லோகோ பைலட் என்கிறார்கள்) டியூட்டியில் ஏறுமுன் கருவியில் ஊதிக் காட்டுகிறார்கள். கோனா எக்ஸ்பிரஸ்வேயில் வரும் நாமக்கல் லாரி டிரைவர் போலீசாரின் கருவியில் ஊதி, மது தெரிந்தால், அடுத்து ரத்தமும் கேட்கப்படலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம். 2019-இல் திருத்திய பிறகு முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வேலை போவது தனிக் கதை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்தால், 70 சதவீத ஸ்பிரிட்டின் ஒரு சொட்டில் ஏறக்குறைய 28 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கும். எடுக்கும் ரத்தம் 5 மில்லி. அந்தச் சொட்டை இருபது பங்காக்கி ஒரு பங்கு மட்டும் அதில் கலந்தாலே, 100 மில்லிக்கு 28 மில்லிகிராம் என்று காட்டும். வாயில் மதுவே படாத மனிதர் வரம்பின் வாசலில் நிற்பார்!

இதைப் படித்துவிட்டு, குடித்துவிட்டு ஓட்டியவரெல்லாம் பஞ்சின் மேல் பழி போட வேண்டாம். துடைத்த இடம் நன்றாகக் காய்ந்தபின் குத்தினால் ரத்தத்தில் சேருவது அநேகமாக ஒன்றுமில்லை. வம்பெல்லாம் ஈரம் காயாத தோலிலும், ஊசியை உருவும்போது அதன்மேல் அழுத்தும் ஈரப் பஞ்சிலும்தான். சில பஞ்சுகளில் இருப்பது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். வாயு குரோமடோகிராபி முறை அதைத் தனியே பிரித்துக் காட்டிவிடும். பழைய டைகுரோமேட் முறைக்கு அந்த நுணுக்கம் கிடையாது. பஞ்சில் எத்தில் ஆல்கஹாலே இருந்தாலோ, அது வயிற்றிலிருந்து வந்ததா, பஞ்சிலிருந்து வந்ததா என்று இந்த இரண்டு முறைகளும் சொல்லாது. 2020-க்குப் பிறகு எங்கும் பரவிவிட்ட கை சானிடைசரிலும் பெரும்பாலும் இதே சரக்குதான்.

மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்த பம்பாயில் இதை அன்றே யோசித்திருக்கிறார்கள். 1959-ஆம் ஆண்டு பம்பாய் மதுவிலக்கு (மருத்துவப் பரிசோதனை, ரத்தச் சோதனை) விதிகளின்படி, சிரிஞ்சைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். தோலைச் சுத்திகரித்த நீரால் துடைக்க வேண்டும். ரத்தம் எடுக்கும் எந்தக் கட்டத்திலும் ஆல்கஹாலைத் தொடவே கூடாது. எழுதியவர் விஷயம் தெரிந்தவர்.

ரத்தம் கொடுக்க நேர்ந்தால், ஸ்பிரிட் வேண்டாம் என்று டாக்டரிடம் பணிவாகச் சொல்லலாம். சோப்பும் நீரும் போதும். நீரில் கரைத்த போவிடோன் அயோடினும் ஆகும். டிங்சர் அயோடின் உதவாது, அதுவும் ஸ்பிரிட்டில் கரைத்ததே. எதைக் கொண்டு துடைத்தார் என்பதை அந்தத் தாளிலேயே குறிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். குப்பிக்குச் சீல் வைத்து அனுப்பிய பிறகு சொன்னால், நிரூபிப்பது பெரும்பாடு.