இரவுப் படகின் விளக்குகள்

வயல் செய்து வாழ்ந்த எமது குடும்பங்களுட் சில, இடம்பெயர்ந்த பின்னர் கடலேரிக் கரைகளில் தங்கி, இறாலுக்கும் நண்டுக்கும் படகேறப் பழகியுள்ளன. படகில் வலை இருக்கிறது, எரிபொருள் இருக்கிறது. விளக்கு மட்டும் பல படகுகளில் இல்லை.

வறுமை மட்டும் இதற்குக் காரணமன்று. 1990களின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்தபோது, எமது மக்கள் கிளாலிக் கடலை இரவிலே, வெளிச்சம் காட்டாமற் கடந்தார்கள். வெளிச்சம் தெரிந்தாற் சூடு விழும். 1993 ஜனவரியில் அக்கடலிற் பயணிகள் பலர் கடற்படையின் தாக்குதலிற் கொல்லப்பட்டனர். இருளே பாதுகாப்பு என்று அன்று கற்ற பாடம் இன்னும் எம்மை விடவில்லை. போர் 2009இல் முடிந்தது. இன்றைய ஆபத்து, அதே இருளில் விளக்கின்றி எதிரே விரைந்துவரும் இன்னொரு படகே.

லான்ட்மாஸ்ரரின் முன்விளக்கு எமக்குப் பாதையைக் காட்டுவது. படகின் விளக்கோ எம்மைப் பிறருக்குக் காட்டுவது. 1972இல் நாடுகள் இணங்கி, 1977 முதல் நடைமுறையிலுள்ள கடல் விதிகளின்படி, படகின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. பொழுது பட்டது முதல் விடியும் வரை இவை எரிய வேண்டும். கடலுக்கு எழுதிய விதி கடலேரிக்கும் நன்றே.

எதிரே சிவப்பு மட்டும் தெரிந்தால், அப்படகு எமக்கு வலமிருந்து இடமாகச் செல்கிறது. பச்சை என்றால் இடமிருந்து வலம். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேரே வருகிறது; இரு இயந்திரப் படகுகளும் தத்தம் வலப்பக்கம் திரும்ப வேண்டும். வீதியில் இடப்பக்கம் ஓடிப் பழகிய எமக்கு இது முதலிற் குழப்பந்தான். எமது வலப்புறமிருந்து குறுக்கே சிவப்பு வந்தால், வழிவிட வேண்டியவர் நாமே. வெள்ளை மட்டும் தெரிந்தால், முன்னே போகும் படகாகவோ நங்கூரமிட்டதாகவோ இருக்கலாம். வேகத்தைக் குறைத்து விலகுவோம்.

7 மீற்றருக்குக் குறைந்த, மணிக்கு 7 கடல் மைலுக்கு மேல் ஓடாத இயந்திரப் படகுக்குச் சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு போதும். 18 அடி பைபர் படகு நீளத்தில் இதற்குள் அடங்கும். 15 குதிரைவலு இயந்திரம் பூட்டினால் வேகத்தில் அடங்காது; அதற்குச் சிவப்பும் பச்சையும் வேண்டும். இரண்டையும் ஒரே கூட்டில் அணியத்திற் பொருத்தலாம்.

துடுப்பு வள்ளத்துக்கு ஒரு ரோச் லைற் அல்லது ஏற்றிய அரிக்கன் லாம்பு போதும். ஆனால் அது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மற்றப் படகு நெருங்குமுன் காட்ட வேண்டும். இறால் பிடிக்கும் பெரிய வெளிச்சத்தை நிறவிளக்குகளுக்கு அருகே வைக்கக் கூடாது. அது அவற்றை மங்கச் செய்வதோடு, படகோட்டியின் கண்ணையும் கூசச் செய்யும்.